செடிக்குப் போட்ட வெல்லம்

எங்கள் வீட்டுக்குள் வெயில் வர ஒரே ஒரு வழிதான் இருந்தது. தறி அறையின் கூரையில், ஓடுகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். காலையில் அதன் வழியாக இறங்கும் வெளிச்சம் மேற்குச் சுவரில் விழும். மதியத்துக்குள் தரைக்கு வந்து, அப்பாவின் தறிக்குழி ஓரமாக ஊர்ந்து, சாயங்காலம் கிழக்குச் சுவரில் ஏறிக் காணாமல் போகும். அது போகிற வழியிலேயே அத்தையின் செடிகளும் போய்க்கொண்டிருக்கும். விடுமுறை நாட்களில் அவற்றை நகர்த்தி வைப்பது என் உத்தியோகம். அதற்குச் சம்பளமாக ஒரு பிடி பொட்டுக்கடலை கிடைக்கும்.

ஆரணியில் பட்டு நெய்கிற வீடுகளில் ஜன்னல் என்பது பேருக்குத்தான். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும், காய்ந்த காற்று பட்டால் இழை அறும் என்று அப்பா எதையும் திறக்க விடமாட்டார். வாசலில் வைக்கலாம் என்றால், விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்ட வந்துவிடுவார்கள். பின்பக்கம் பக்கத்து வீட்டு ஆடு. அதற்குக் குரோட்டன்ஸ், மணி பிளாண்ட் என்ற பேதமெல்லாம் கிடையாது. அதனால் செடிகள் எல்லாம் பால்பவுடர் டப்பாக்களில் ஏறிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டன. அம்மாவுக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. மனுஷருக்கே கால் நீட்ட இடமில்லாத வீட்டில் செடிக்கு என்ன குடித்தனம் என்று கேட்பாள். கேட்டுவிட்டு, அரிசி கழுவின தண்ணீரை அவற்றுக்குத்தான் ஊற்றுவாள்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அப்பாதான் அவளைத் தூக்கி வளர்த்தார். அப்பாவின் பக்கத்தில் ராட்டினம் போட்டு உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டேதான் அவள் பிளஸ் டூ வரை படித்தாள். நல்ல மார்க். வேலூரில் கல்லூரிக்குப் போய்ச் செடிகொடிகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதை அவள் சத்தமாகச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் யாரும் எந்த ஆசையையும் சத்தமாகச் சொன்னதில்லை.

அதற்குக் காரணம் பெரிய தாத்தா. அவர் அப்பாவின் பெரியப்பா. பெற்றோர் போனபின் அப்பாவுக்குச் சோறு போட்டு, தறியில் உட்கார வைத்து, கல்யாணமும் செய்து வைத்தவர். அவர் முன்னால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் ஒன்று சொன்னால் அது முடிந்த காரியம். அத்தையின் கல்லூரிப் பேச்சு ஒருமுறை அவர் காதில் விழுந்தது.

"பொட்டப்புள்ள பஸ் ஏறி வேலூருக்குப் போயி செடியப் பத்தி இன்னா படிக்கறது? வூட்ல கீற செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரிஞ்சா பத்தாதா?"

அப்பா தலையைக் குனிந்து நின்றார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அத்தையிடம் சொன்னார். அத்தை தாரைச் சுற்றினாள்.

அந்தக் காத்திருப்பு வருஷத்தில்தான் பாட்டில் வந்தது. நூலகத்தில் ஏதோ பழைய பத்திரிகையில் அத்தை படித்திருந்தாள். குளிர் தேசங்களில் கண்ணாடி வீடு கட்டி, அதற்குள் செடி வளர்த்து, செடிக்கென்று தனியாகக் கரியமில வாயு விடுவார்களாம். அதையே வீட்டில் செய்வதற்கு ஒரு ஏழை வழியும் அதில் போட்டிருந்ததாம். ஒரு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை ஈஸ்ட். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிட்டு வாயுவை விடும். அந்த வாயுவைக் குழாய் வழியாகச் செடிக்குக் கொண்டுபோனால் செடி அதைத் தின்னும்.

"அப்போ செடி எச்சி துன்னுதா அத்தே?" என்று கேட்டேன்.

"நீ விடற மூச்சுகூட அதுக்குச் சாப்பாடுதான்" என்றாள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒவ்வொரு டப்பாவின் முன்னாலும் குனிந்து ஊதிவிட்டுப் போவேன். தறியில் இருந்த அப்பா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான் நாளெல்லாம் இங்கியே குந்திகினு மூச்சு விடறனே, அது பத்தலியா அதுக்கு?"

"நீ விடறத தறி துன்னுடுதுண்ணா" என்றாள் அத்தை. அப்பா வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரேஷன் சர்க்கரையை அம்மா தரமாட்டாள் என்பதால் அத்தை வெல்லத்தைப் பிடித்துக்கொண்டாள். உடைந்த அச்சு வெல்லம் கடையில் மலிவாகக் கிடைத்தது. யாரோ கல்யாணத்திலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தது. குளுக்கோஸ் ஏற்றுகிற குழாயைத் தெருக்கோடி கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கி, வெந்நீரில் கழுவி எடுத்தோம். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி மூடியில் ஓட்டை போட்டது அப்பா. சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற பசையால் ஓட்டையைச் சுற்றி அடைத்ததும் அப்பாதான். பட்டுச்சேலை போட்டுக் கொடுக்கிற கண்ணாடிக் கவர்கள் எங்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். அவற்றை ஒட்டி, மூங்கில் குச்சி நட்டு, செடிக்கு ஒரு கூடாரம் கட்டினோம். ஒரே அளவில் இரண்டு மணி பிளாண்ட். ஒன்றுக்குக் கூடாரமும் வாயுவும். மற்றதற்கு வெறும் கூடாரம். இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அது சோதனை என்று அத்தை சொன்னாள்.

ஈஸ்ட்தான் கிடைக்கவில்லை. அப்பா நெய்த சேலையை, பாவு கொடுக்கிற முதலாளியிடம் கொடுக்கப் போனபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரொட்டிக் கடையில் போய்க் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். பேர் மறந்துபோய், மாவு பொங்க வைக்கிற மருந்து வேண்டும் என்றார். எதற்கு என்று கடைக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். அப்பா கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"செடிக்குங்க. செடி மூச்சு வாங்கறதுக்கு. எங்க தங்கச்சிப் பாப்பா கேட்டுச்சு."

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தபடி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பாட்டில் வேலை செய்தது. குழாயின் நடுவில் ஒரு சின்ன மருந்து பாட்டிலில் தண்ணீர் வைத்து, வாயு அதன் வழியாகப் போகும்படி அத்தை செய்திருந்தாள். வாயு போகும்போது அதில் குமிழ் வரும். தறி ஓடும்போது ஒன்றும் கேட்காது. இழை அறுந்து அப்பா முடிச்சுப் போடுகிற நேரத்தில் வீடு அமைதியாகும். அப்போது மூலையிலிருந்து ஒரு 'குளுக்' வரும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்பா நிமிர்ந்து பார்த்து, "மகராசி சாப்டறா" என்பார். அந்தச் சத்தத்தை இப்போதும் காதில் வரவழைக்க முடிகிறது. அப்பாவின் குரலை வரவழைக்கத்தான் நேரமாகிறது.

வாயு தின்ற செடி மற்றதைவிட வளர்ந்ததா என்றால், அத்தையின் கண்ணுக்கு வளர்ந்தது. இலை அகலமாக வருகிறது, பச்சை கூடியிருக்கிறது என்றாள். அப்பாவும் ஆமாம் என்றார். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே கழுதைதான் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒருமுறை குழாய் மடங்கி, வாயு போக வழியில்லாமல் மூடி 'டப்' என்று பறந்தது. வெல்லத் தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. தறியில் அப்போது யாருக்கோ கூரைப்புடவை ஓடிக்கொண்டிருந்தது. நல்ல அரக்கு நிறம். சாண் தூரத்தில் தப்பியது. அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். வீடு முழுக்கப் புளித்த நாற்றம். சாராயக்கடையில் குடியிருக்கிற மாதிரி இருக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்பா ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிட்டு, மூடியை மறுபடி ஒட்டிக் கொடுத்தார்.

கோடையில் பெரிய தாத்தா ஒரு சம்பந்தத்தோடு வந்தார். போளூரில் நல்ல குடும்பம். பவர்லூம் இருக்கிறது, சொந்த வீடு இருக்கிறது, பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இதெல்லாம் உண்மைதான். மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு இன்றுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. பெண் பார்க்க வருகிற அன்றே பூ வைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு யாரும் பின்வாங்க மாட்டார்கள். பெரிய தாத்தா வாக்குக் கொடுத்துவிட்டு வந்துதான் அப்பாவிடம் சொன்னார். அப்பா வழக்கம்போல நின்றுகொண்டே கேட்டார்.

"கல்யாணத்துக்கு அப்புறம் படிக்க வெப்பாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புருஷன் வூட்ல இன்னா படிப்பு? பேஜார் பண்ணாத" என்றார் பெரிய தாத்தா. அதோடு அது முடிந்தது.

அத்தை அழவில்லை. சாப்பிட்டாள், தார் சுற்றினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் பாட்டில் பக்கம் போகவில்லை. குமிழ் மெதுவாகிக்கொண்டே வந்து ஒருநாள் நின்றுவிட்டது. வெளிச்சம் தரையில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது, செடிகள் போட்ட இடத்திலேயே கிடந்தன. நான் நகர்த்தப் போனபோது, இனிமேல் எதற்கு என்று அத்தை சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை அப்பாவும் கேட்டார். அவர் நாடா போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஓட்டத்திலேயே இழை அறுந்தது.

பெண் பார்க்க வருகிற நாள் காலையில் நான் சீக்கிரம் எழுந்துவிட்டேன். தறி அறையில் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொட்டிவிட்டு, புதிதாக வெல்லத்தைக் கரைத்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். அத்தை போடுகிற அளவெல்லாம் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. கை நிறைய வெல்லம். மடித்து வைத்திருந்த காகிதத்தில் மிச்சமிருந்த ஈஸ்டையும் கவிழ்த்து உதறினார். என்னைப் பார்த்ததும், "பாவம்மா, பட்டினியா கெடக்குது" என்றார். எனக்கு அப்பாவை அன்றைக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அத்தை மறந்துபோன செடியை அப்பா மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் ஏற ஏற பாட்டில் பொங்க ஆரம்பித்தது. வருகிறவர்கள் தறியைப் பார்க்க வருவார்கள் என்று அம்மா அந்த அறையைக் கூட்டினாள். பாட்டிலைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு, குழாயோடு சுருட்டிக் கூடத்துக்குக் கொண்டுவந்து பெஞ்சுக்கு அடியில் தள்ளி, பழைய துணியைப் போட்டு மூடினாள். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டது. அந்த அவசரத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டதில் அதன் கால் குழாயின்மேல் ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். பெஞ்சில் மாப்பிள்ளையின் அப்பாவும் அவருடைய அண்ணனும் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் நல்ல கனம். பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். ஒரு பையில் பூச்சரம் இலையில் சுற்றியிருந்தது. மல்லிகை வாசனை கூடம் முழுக்க இருந்தது. பெரிய தாத்தா நாற்காலியில். அப்பா தூணோரம் நின்றார். செம்பு நிறையத் தண்ணீரும் டம்ளர்களும் கொண்டுபோய் நடுவில் வைத்தது நான். பாவாடை தடுக்காமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்ததற்காக மாப்பிள்ளையின் அம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. அத்தை அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நமஸ்காரம் செய்துவிட்டு உள்ளே போனாள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பூவை எடுக்கப் பைக்குள் கையை விட்டார்.

அப்போதுதான் பெஞ்சுக்கு அடியில் 'டப்' என்றது.

மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியோடு எழுந்து நின்றுவிட்டார். அவருடைய வெள்ளை வேட்டியின் கீழ்ப்பாதி பழுப்பாகிவிட்டிருந்தது. துணியை விலக்கிக்கொண்டு நுரை தரையில் ஓடியது. மல்லிகை வாசனை இருந்த இடம் தெரியவில்லை. வெல்லமும் புளிப்பும் கலந்த நெடி கூடத்தை நிறைத்தது. போளூர் என்றால் மலையடிவாரம். அந்த நாளில் மலையில் யார் யாரோ வெல்லத்தை ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஊறல் வாசனை தெரியாத மூக்கு அந்தப் பக்கத்தில் கிடையாது. அவர் குனிந்து துணியை எடுத்தார். பாட்டில், வெல்லத் தண்ணீர், குழாய். பார்க்கிறவருக்கு வேறென்ன தோன்றும்?

"இது இன்னாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

பெரிய தாத்தாவுக்கு அது என்னவென்றே தெரியாது. அம்மா நுரையைத் துடைக்கத் துணி தேடினாள். எனக்குத் தெரியும். எனக்குத்தான் நன்றாகத் தெரியும். "அது வந்து, செடி..." என்று ஆரம்பித்தேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்தது.

"போம்மா, ஜல்தியா போயி தண்ணி எடுத்துனு வா" என்றார்.

போனேன். அடுப்படிக் கதவருகே போய்ச் சேர்வதற்குள் அப்பாவின் குரல் கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம சரக்குதாங்க. நாளெல்லாம் தறிக்குழில காலத் தொங்கப் போட்டுக்கினு குந்தறோம், ஒடம்பு கேக்குது. கடைல வாங்கிக் கட்டுப்படி ஆவலீங்க. அதான் வூட்லியே கொஞ்சம் போட்டுக்கறது."

"டேய்" என்றார் பெரிய தாத்தா. வாழ்க்கையில் முதல்முறையாக அப்பா அவர் முன்னால் தலையைக் குனியாமல் நின்றார்.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். அவரவர் உடம்பு, அவரவர் பாடு என்று சொல்லிவிட்டுப் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். போய்ச் சேதி சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் என்ன சேதி என்பது எல்லோருக்கும் தெரியும். பூ பைக்குள்ளேயே திரும்பிப் போனது. பெரிய தாத்தா தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அவர்கள் பின்னாலேயே போனார்.

அத்தை கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்க் கழுவ உட்கார்ந்தார். அத்தை தறி அறைக்குள் போய்ச் சேலையோடு தரையில் உட்கார்ந்துகொண்டாள். அழக்கூட முடியாத அளவுக்கு அவமானம் என்று நான் நினைத்தேன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் அப்பா குடிக்கிறவரே இல்லை. தெருவில் யாராவது தள்ளாடிப் போனால் அந்த நெடிக்கே துண்டால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். அப்படிப்பட்டவர், நாலு பேர் கேட்டதும் பயந்து எதையோ உளறி, இல்லாத பழியைத் தானே எடுத்துத் தலையில் கொட்டிக்கொண்டாரே என்று இருந்தது. ரொட்டிக் கடையில் அத்தனை பேர் சிரிக்கும்போது சொல்லத் தெரிந்தது, வீட்டில் சொல்லத் தெரியவில்லையா? அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டேன். அவர் வாங்கி வந்த பன்னைத் தொடவில்லை. அவர் ஏன் என்று கேட்கவும் இல்லை. பன்னை என் புத்தகப்பைக்கு மேல் வைத்துவிட்டுத் தறிக்குப் போவார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாரத்துக்குள் சந்தைக்கு வருகிறவர்களுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஊறல் என்றே பேர் வைத்தார்கள். எல்லாவற்றையும்விட முதலாளி செய்ததுதான் அப்பாவுக்கு வலித்திருக்கும். குடிக்கிறவன் கை பட்ட தறியில் கூரைப்புடவை நெய்யக்கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. தாலி கட்டும்போது உடுத்துகிற புடவையல்லவா? முதலாளி அப்பாவை ஒன்றும் சொல்லவில்லை. கூரைப்புடவைக்கான பாவு மட்டும் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சாதாரணச் சேலைகள் வந்தன. அப்பாவின் கைநேர்த்திக்கு அவை போதாது என்பது எனக்கே தெரிந்தது. அவர் அவற்றையும் கூரைப்புடவை மாதிரியே நெய்தார்.

தெருப் பெண்கள் அம்மாவிடம் வந்து, குடிகாரனை வைத்துக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளுகிறாயோ என்று அங்கலாய்ப்பார்கள். "இன்னா பண்றது, தலையெழுத்து" என்று சொல்லி அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். தோள் குலுங்கும். அழுகிறாள் என்று நானும் கூட உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அப்புறம் அத்தைக்கு வரன் என்று ஒருவரும் எங்கள் வாசற்படி ஏறவில்லை. பெரிய தாத்தா வெறுத்துப்போனார். ஒருநாள் தெருவில் நின்றபடியே, அந்தப் பெண் எங்காவது போய் எதையாவது படிக்கட்டும், தனக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா சரிங்க பெரியப்பா என்றார். அந்த வருஷமே அத்தை கண்ணமங்கலம் வழியாகப் போகிற வேலூர் பஸ்ஸில் ஏறினாள். சாயங்காலம் தறியிலிருந்து எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளைக் கூட்டிவர அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்தான் சாராயக்கடை. அவர் அதற்குத்தான் போகிறார் என்று ஊர் சொன்னது.

இப்போது அத்தை தெற்கே ஒரு கல்லூரியில் செடிகளைப் பற்றிப் பாடம் சொல்கிறாள். அவளைப் போலவே செடிப் பைத்தியம் ஒருவரைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா அந்தக் கல்யாணத்தைப் பார்த்தார். என்னுடையதைப் பார்க்கவில்லை. நான் கல்லூரி முடிக்கும் முன்பே நெஞ்சில் ஏதோ வந்து போய்விட்டார். சாவுப் பந்தலில் யாரோ ஒருவர், குடிதான் கொண்டுபோய்விட்டது என்று இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. என்னவென்று சொல்லி அடிப்பது?

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். எங்கள் வாடகை வீட்டுக்கும் ஒரே ஒரு ஜன்னல்தான், அதுவும் எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து. ஆரணியிலிருந்து ஒரு கொடியைக் கிள்ளிக்கொண்டு வந்திருந்தேன், அதே மணி பிளாண்டின் வாரிசு. அது மெலிந்துகொண்டே போனது. எனக்கு அப்பா நினைப்பாகவே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பாட்டிலில் வெல்லத்தைக் கரைத்து, ஈஸ்ட் போட்டு, குழாய் வைத்தேன். உண்மையில் செடிக்காகச் செய்தேன் என்று சொல்ல முடியாது. அந்த 'குளுக்' சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது. அப்பாவின் மூச்சைத் தின்று வளர்ந்த கொடியாயிற்றே, அதற்கு என் மூச்சு மட்டும் போதாது என்றும் தோன்றியது.

வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். என்ன வாசனை என்று கேட்டார்.

"செடிக்குங்க. வெல்லமும் ஈஸ்ட்டும், செடி மூச்சு வாங்கறதுக்கு" என்றேன்.

அப்படியா என்று குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு, தன் வீட்டுத் துளசிக்கும் வைக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்தினவள் அப்படியே நின்றேன். இவ்வளவுதான். ஒரே வரி. ரொட்டிக் கடையில் அப்பா அதே வரியைச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். போளூர்க்காரரும் சிரித்துவிட்டு வேட்டியை அலசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பூவும் வைத்திருப்பார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். அப்பா ஒரே ஒரு பொய்யைச் சொல்லி ஒரு கல்யாணத்தை நிறுத்திவிட்டு, மிச்ச வாழ்நாள் முழுக்க அந்தப் பொய்க்குள்ளேயே இருந்திருக்கிறார்.

அத்தைக்குப் போன் செய்தேன். அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது, முந்தானைக்குள் சிரிப்பை மறைத்த அம்மாவுக்கும்தான். வேலை கிடைத்த பிறகு ஒருமுறை அப்பாவிடம், ஏண்ணா அப்படிச் சொன்னாய் என்று கேட்டாளாம்.

"அதுக்கு அவரு, அந்தச் செடி அப்புறம் நல்லா வந்துச்சாம்மான்னு கேட்டாருடி" என்றாள்.

காலையில் கை நிறைய வெல்லம் போட்டபோதே அவர் நினைத்துவிட்டாரா? இல்லை, 'டப்' என்ற சத்தத்துக்கும் அந்தப் பெரியவரின் கேள்விக்கும் நடுவில் தோன்றியதா? ஏதாவது ஒரு சாயங்காலம் தறி ஓரமாக உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும் என்று எவ்வளவோ ஆசையாக இருக்கிறது. கேட்டால் சொல்லியிருக்க மாட்டார். சிரித்திருப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு போதும்.

அன்று அவர் என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். நான் அடுப்படிக்குப் போய்ப் பானையில் மொண்டு, அவசரமாகத் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்து வாசலில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். ஏனென்றால் பெஞ்சுக்கு முன்னால் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. யாரும் அதிலிருந்து ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் நான் வைத்த செம்பு. அப்பா அதற்கு நேரெதிரே நின்றுகொண்டிருந்தார்.